குணம் மாறியது யார் செய்த பாவம்?

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



வீடு சந்திக்கச் செல்லும்போது குருக்களாகிய எங்கள் காதில் அடிக்கடி விழும் சொல் ஒன்று உண்டு. "சாமி, அவரு முன்ன மாதிரி இல்ல. ஆளே மாறிட்டாரு." சாந்தமாக இருந்தவர் எரிந்து விழுகிறார். சுறுசுறுப்பாக இருந்தவர் படுத்தே கிடக்கிறார். கலகலவென்று பேசியவர் மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். இதைக் கண்டதும் நாம் காரணம் தேடுகிறோம். பக்தி குறைந்துவிட்டது என்கிறோம். திமிர் என்கிறோம், சோம்பல் என்கிறோம். சில வேளைகளில் பேய் என்றும் செய்வினை என்றும்கூடப் பேசுகிறோம். அவருடைய உடலுக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வி மட்டும் கடைசியில்தான் வருகிறது.

யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில் சீடர்களும் இப்படித்தான் கேட்டார்கள். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைப் பார்த்ததும், இது இவர் செய்த பாவமா, இவருடைய பெற்றோர் செய்த பாவமா என்று இயேசுவிடம் கேட்டார்கள். இயேசு இரண்டையும் மறுத்தார். அதோடு நிற்காமல், அந்த மனிதருக்குப் பார்வை கிடைக்க வழி செய்தார். பார்வையின்மையைப் பாவத்தின் விளைவு என்று இன்று நம்மில் எவரும் சொல்ல மாட்டோம். ஆனால் ஒருவருடைய குணம் மாறிவிட்டால், அதே பழைய கேள்வி நம் வாயில் வந்துவிடுகிறது. ஆகவே இன்று, நம் உடலில் நடப்பவற்றுக்கும் நம் குணத்துக்கும் உள்ள தொடர்பை நம்பிக்கையின் ஒளியில் சிந்திப்போம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமப் பங்கில் குருக்களாக நாங்கள் இருவர் பணியாற்றினோம். அங்கே பாடகர் குழுவில் முன்நின்று பாடும் ஒரு தாய் இருந்தார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம். அன்பியக் கூட்டம் என்றால் முதல் ஆளாக வந்து பாய் விரிப்பவர் அவர். அவர் கொஞ்சம் கொஞ்சமாக வருவதை நிறுத்தினார். பாடுவதையும் விட்டார். பகலெல்லாம் தூக்கம். எதைக் கேட்டாலும் நிதானமாக, அரைகுறையாகப் பதில். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரத்திலும் அடுப்பு பற்றவைக்கவில்லை என்று மாமியார் குறைப்பட்டார். "குணமே மாறிடுச்சு சாமி, நீங்கதான் புத்தி சொல்லணும்" என்று கணவர் அழைத்துவந்தார்.

நாங்களும் புத்தி சொன்னோம். செபத்தில் தளர்ச்சி வந்தால் இப்படித்தான் ஆகும் என்றோம். ஒன்பது நாள் நவநாள் செபம் சொல்லச் சொன்னோம். ஆன்ம சோதனை செய்து பார்க்கச் சொன்னோம். அவர் சொன்னபடியே செய்தார். சோர்வு போகவில்லை. கடவுளும் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம்தான் கூடுதலாக வந்தது.

ஏறத்தாழ ஓர் ஆண்டு இப்படியே போனது. பின்னர் ஒரு சித்திரை மாதத்தில், மருந்தகம் நடத்திவந்த அருள்சகோதரி ஒருவர் அவரைத் திண்ணையில் கண்டார். ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்க, அந்தத் தாய் கம்பளிச் சால்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். முகம் உப்பியிருந்தது. குரல் கரகரத்திருந்தது. அருள்சகோதரி புத்தி எதுவும் சொல்லவில்லை. இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். தைராய்டு சுரப்பி வேலை செய்வது மிகவும் குறைந்துபோயிருந்தது. அன்றாடம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. சில மாதங்களில் அவர் மறுபடியும் பாட வந்தார். "நான் கெட்டவளா மாறிட்டேன்னுதான் சாமி நெனச்சேன்" என்று அவர் ஒரு நாள் சொன்னபோது, எங்களால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். செபிக்கச் சொன்னது எங்கள் தவறு அல்ல. நோய்க்குப் பாவம் என்று பெயர் வைத்ததுதான் எங்கள் தவறு.

அந்தச் சுரப்பியைப் பற்றிச் சற்றுத் தெரிந்துகொள்வோம். தைராய்டு, கழுத்தின் முன்பக்கத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சிறிய உறுப்பு. எடை ஏறத்தாழ 20 கிராம். அது இரத்தத்தில் கலக்கவிடும் ஹார்மோன்தான், உடலின் ஒவ்வொரு பகுதியும் எந்த வேகத்தில் இயங்க வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துகிறது. மூளையும் இதற்கு விலக்கல்ல. ஹார்மோன் குறைந்தால் உடல் குளிர்கிறது, எடை கூடுகிறது, மறதி வருகிறது, மனம் சோர்ந்து இருண்டுபோகிறது. அது மிகுந்தால் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, தூக்கம் கெடுகிறது, சிறிய காரியத்துக்கெல்லாம் எரிச்சல் வருகிறது. ஒரே சுரப்பிதான். குறைந்தால் சோம்பேறி என்ற பெயரும், மிகுந்தால் கோபக்காரர் என்ற பெயரும் ஒருவருக்கு வாங்கித் தந்துவிடுகிறது.

1891-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், இந்நோயால் மிகவும் மந்தமாகிப்போன 46 வயதுப் பெண் ஒருவருக்கு, ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி வழியாகச் செலுத்தினார். அவர் தேறினார். அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 74-ஆம் வயதில் இறந்தார். அச்சுரப்பியில் உள்ள தைராக்சின் என்ற பொருளை அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் என்ற அறிவியலாளர் முதன்முதலில் தனியாகப் பிரித்தெடுத்த நாள் எது தெரியுமா? 1914-ஆம் ஆண்டு டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்புப் பெருவிழா. வார்த்தையானவர் மனித உடல் எடுத்ததைக் கொண்டாடும் நாளில், மனித உடலின் மறைபொருள்களில் ஒன்று வெளிப்பட்டது என்பதை எண்ணும்போது நமக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

தைராய்டு ஓர் எடுத்துக்காட்டுதான். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கினால், நடுக்கத்தோடு எரிச்சலும் குழப்பமும் வரலாம். வைட்டமின் பி12 குறைந்தால் நினைவும் மனநிலையும் பாதிக்கப்படலாம். குழந்தை பெற்ற சில தாய்மார் கடுமையான மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள். பெற்ற பிள்ளையைத் தூக்கக்கூட மனம் வராமல் அழுகிறார்கள். இவள் எல்லாம் ஒரு தாயா என்று கேட்டுவிடுகிறோம். அவளுக்கு அன்றைக்குத் தேவை மருத்துவமும், பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்கவைக்கும் ஒரு கையும்தான்.

இவ்வளவும் கேட்டபின் ஓர் அச்சம் எழலாம். ஒரு மாத்திரையால் குணம் மாறுகிறது என்றால், குணம் என்பது வெறும் இரசாயனம்தானா? அப்படியானால் ஆன்மா எங்கே? மனச்சான்று எங்கே?

இந்த அச்சம் வருவதற்குக் காரணம், உடலைப் பற்றி நாம் வைத்திருக்கும் ஒரு தவறான படம். இறந்த வீட்டில், "உடல் வெறும் சட்டைதானே, கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்" என்று ஆறுதல் சொல்கிறோம். உடல் ஆன்மாவுக்கு வாடகை வீடு என்கிறோம். இது திருஅவையின் போதனை அல்ல. உடல் சட்டையாக இருந்தால், அதில் கறை படுவதால் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது. உண்மை அப்படி இல்லையே! 1312-ஆம் ஆண்டில் முடிவுற்ற வியன் பொதுச்சங்கம், ஆன்மாதான் மனித உடலுக்கு உருவும் உயிரும் தருவது என்று போதித்தது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், இன்றைய உலகில் திருஅவை பற்றிய கொள்கைத் திரட்டில், மனிதர் உடலும் ஆன்மாவும் இணைந்த ஒரே ஆள் என்றும், உடலை இழிவாகக் கருதக் கூடாது என்றும் கற்பித்தது. அதனால்தான் நாம் விசுவாச அறிக்கையில் ஆன்மாவின் அழியாமையோடு நின்றுவிடாமல், உடலின் உயிர்ப்பையும் நம்புவதாக அறிக்கையிடுகிறோம். நாம் உடலுக்குள் குடியிருப்பவர்கள் அல்ல. உடலோடு கூடியவர்கள்தான் நாம். உடல் நோயுற்றால் மனமும் குணமும் நோவது இயல்பு. ஆன்மா இல்லை என்பதற்கு அது சான்றாகாது. ஆன்மாவும் உடலும் எவ்வளவு நெருக்கமாக ஒன்றாயிருக்கின்றன என்பதையே அது காட்டுகிறது.

அதே வேளையில், உடல்தான் எல்லாம் என்பதும் உண்மையல்ல. மருத்துவ மாணவர்கள் எல்லாரும் படிக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1848-ஆம் ஆண்டு செப்டம்பர் 13 அன்று, அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் இரயில் பாதைக்காகப் பாறை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்குத் தலைவராக இருந்தவர் 25 வயது பினியஸ் கேஜ். வெடிமருந்து எதிர்பாராமல் வெடித்தது. மூன்றரை அடிக்கும் சற்று நீளமான, ஏறத்தாழ 6 கிலோ எடையுள்ள இரும்புக் கம்பி அவருடைய இடது கன்னத்தின் வழியாகப் பாய்ந்து, மூளையின் முன்பகுதியைத் துளைத்து, உச்சந்தலை வழியாக வெளியேறியது. அவர் சாகவில்லை. ஆனால் குணம் மாறிவிட்டது. நிதானமும் பொறுப்பும் உள்ளவர் என்று பெயர் எடுத்தவர், பொறுமையற்றவராகவும் கெட்ட வார்த்தை பேசுபவராகவும் ஆனார் என்று அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் ஜான் ஹார்லோ எழுதிவைத்தார். இவர் பழைய கேஜ் அல்ல என்று நண்பர்கள் சொன்னார்கள். பழைய வேலையும் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

கதையைப் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். ஆனால் 1852-இல் கேஜ் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குச் சென்றார். அங்கே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் பயணிகள் ஏறும் குதிரை வண்டி ஓட்டினார். குதிரைகளை அடக்கி, பயணிகளோடு இணங்கிப் போய், நேரம் தவறாமல் வண்டி செலுத்துவது பொறுமையற்ற மனிதரால் ஆகிற வேலை அல்ல. அன்றாடம் ஒழுங்கு தேவைப்படும் வேலையில், சிறிது சிறிதாக அவர் தம்மை மீட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று இன்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மூளையில் பட்ட காயம் அவருடைய குணத்தைக் குலைத்தது உண்மை. ஆனால் அந்த மனிதருடைய கதை காயத்தோடு முடிந்துவிடவில்லை.

ஆகவே, அன்பு மக்களே, உடல் நமக்கு ஒரு சாய்வைத் தருகிறது. ஒருவருக்கு இயல்பிலேயே கோபம் முந்துகிறது, இன்னொருவருக்கு அச்சம் முந்துகிறது. நோய் வந்தால் அந்தச் சாய்வு செங்குத்தாகி, ஏற முடியாத மலையாகிவிடுவதும் உண்டு. இதைத் திருஅவை நன்கு அறிந்திருக்கிறது. அச்சம், பழக்கம், உளவியல் காரணங்கள் முதலியவற்றால் ஒருவர் செயலுக்கு அவருக்குள்ள பொறுப்பு குறையலாம், இல்லாமலேகூடப் போகலாம் என்று கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி 1735-ஆம் எண்ணில் கூறுகிறது.

அதற்காக, "எனக்கு பி.பி. இருக்கிறது, அதனால்தான் மனைவியைத் திட்டுகிறேன்" என்று எவரும் தப்பித்துக்கொள்ள முடியாது. கோபம் வருவது நம் கையில் இல்லாமல் இருக்கலாம். கை ஓங்குவதற்கு முன் வெளியே எழுந்து போவது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதும், நேரத்துக்குத் தூங்குவதும், மறுநாள் காலையில் மன்னிப்புக் கேட்பதும் நம் கையில் இருக்கின்றன. மதுவுக்கு அடிமையானவரின் மூளை மாறிப்போயிருப்பது உண்மை. அவரை நோயாளி என்று சொல்வதும் சரி. அப்படியானால் சிகிச்சைக்கு வர வேண்டிய கடமையும் அவருக்கு உண்டு. எவ்வளவு சுதந்திரம் மீந்திருக்கிறதோ, அவ்வளவுக்குக் கடவுள் நம்மிடம் கணக்குக் கேட்கிறார். அந்த அளவு எவ்வளவு என்பதை முழுமையாக அறிந்தவரும் அவர் ஒருவரே.

கடவுள் நம் உடலை எப்படி நடத்துகிறார் என்பதை எலியாவிடம் பார்க்கிறோம். ஈசபேலுக்கு அஞ்சி ஓடிய அந்த மாபெரும் இறைவாக்கினர், பாலைநிலத்தில் ஒரு சூரைச் செடியின் அடியில் உட்கார்ந்து, தமக்குச் சாவு வர வேண்டும் என்று மன்றாடினார். அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்தில் இதை வாசிக்கிறோம். நாமாக இருந்தால் அவருக்கு விசுவாசத்தைப் பற்றி நீண்ட மறையுரை ஆற்றியிருப்போம். கடவுள் அவரைத் தூங்கவிட்டார். தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் தந்தார். மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் உண்ணச் செய்தார். ஓரேபு மலையில் மென்மையான ஒலியில் அவரோடு பேசியது அதற்குப் பிறகுதான். நம் ஆண்டவரும் யாயிரின் 12 வயது மகளை உயிர்ப்பித்ததும், அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொன்னார். புனித தாமஸ் அக்குவினாஸ் தம் பெரும் இறையியல் நூலில் துயரத்துக்கு மருந்து எது என்று கேட்டு, கண்ணீர், நண்பர்களின் ஆறுதல், உண்மையைத் தியானித்தல் ஆகியவற்றோடு தூக்கத்தையும் குளியலையும் சேர்த்திருக்கிறார்.

நோயால் குணமும் நினைவும் குலைந்தவர் புனிதராக முடியுமா? முடியும். புனித குழந்தை இயேசுவின் தெரேசாவின் தந்தை லூயி மார்ட்டின், வயதான காலத்தில் மூளை இரத்தக் குழாய் நோயால் நினைவு தடுமாறினார். 1888-இல் வீட்டில் எவரிடமும் சொல்லாமல் எங்கோ போய்விட்டார். 1889-இல் அவரைக் கான் நகரிலிருந்த மனநோயாளர் இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. அங்கே மூன்று ஆண்டுகளுக்கும் மேல் இருந்தார். மகள்கள் மடத்துக்குப் போனதால்தான் மனிதருக்குப் புத்தி பேதலித்தது என்று ஊர் பேசியது. அங்கேயும் பாருங்கள், யார் செய்த பாவம் என்ற அதே கேள்வி! 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 18 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் அவரையும் அவருடைய மனைவி செலியையும் புனிதர்களாக அறிவித்தார். அந்த மூன்று ஆண்டுகள் அவருடைய புனிதத்தை அழித்துவிடவில்லை. நம் வீட்டில் பெயர்களை மறந்து, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டு, சில வேளை நம்மையே திட்டும் அப்பாவையும் அம்மாவையும் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்வோம். அவர்கள் நம்மை மறந்தாலும், கடவுள் அவர்களை மறப்பதில்லை.

இறுதியாக, நாம் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, ஒருவருடைய குணம் திடீரென மாறினால், தீர்ப்பிடுவதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம், நோயுற்றபோது கடவுளிடம் மன்றாடவும், மருத்துவருக்கும் இடம் கொடுக்கவும் கற்பிக்கிறது. மண்ணிலிருந்து மருந்துகளைப் படைத்தவர் ஆண்டவரே என்கிறது. இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். மனவேதனையில் இருப்பவர்கள், நம் நாட்டு அரசின் இலவசத் தொலைபேசிச் சேவையான டெலி மனஸுக்கு, 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

இரண்டாவது, பேய் பிடித்துவிட்டது என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். நோய், சிறப்பாக மனநோய், முற்றிலும் வேறானது என்றும், அதைக் குணப்படுத்துவது மருத்துவத்தின் பணி என்றும் மறைக்கல்வி 1673-ஆம் எண்ணில் தெளிவாகச் சொல்கிறது. செபக் கூட்டத்துக்குப் போன ஆர்வத்தில் வலிப்பு மாத்திரையையும் மனநோய் மாத்திரையையும் தூக்கி எறியாதீர்கள். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு அல்ல.

மூன்றாவது, நம் பக்கத்து வீட்டில், நம் அன்பியத்தில், வருவதை நிறுத்திவிட்டவர் யார் என்று இந்த வாரம் எண்ணிப் பார்ப்போம். ஏன் வரவில்லை என்று கேட்கப் போக வேண்டாம். எப்படி இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்கப் போவோம். அந்த அருள்சகோதரி திண்ணையில் செய்தது அவ்வளவுதான். குருக்கள் இருவராலும் ஓராண்டு காண முடியாததை, ஒரு சால்வையைக் கவனித்த அவருடைய கண் கண்டது.

தாயின் கருவில் நம்மை உருவாக்கிய ஆண்டவர், நம் உடலையும் உள்ளத்தையும் தம் கரத்தில் தாங்குவாராக. நோயால் தங்களையே தொலைத்துவிட்டதாக எண்ணி வருந்துகிறவர்களுக்கு ஆறுதலும், அவர்களைப் பராமரிக்கிறவர்களுக்குப் பொறுமையும் அருள்வாராக. ஆமென்.